வாழைமட்டைப் படங்கள்: ஆப்பிரிக்க அகதிகளின் கைவேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மலாவியிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, காய்ந்த வாழைமட்டையை வெட்டி ஒட்டிச் செய்த எட்டுப் படங்களைக் கொண்டுவந்தேன். எட்டுமே காங்கோவிலிருந்தும் புருண்டியிலிருந்தும் வந்த அகதிகள் செய்தவை. வீட்டுச் சுவரில் இவற்றைப் பார்த்தவர்களும், நண்பர்கள் நடத்திய கைவினைக் கண்காட்சியில் பார்த்தவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, செய்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததையும் அறிந்ததையும் கொண்டு இங்கே பதில் தந்திருக்கிறேன்.

இது வரைந்த படமா? கிட்டே போய்ப் பார்த்தாலும் தெரியவில்லையே.

இது ஒட்டுப்படம். கறுப்பு அல்லது வெளிர் நிற அட்டையின் மேல், காய்ந்த வாழைமட்டையிலிருந்து வெட்டிய சிறு சிறு துண்டுகளைப் பசையால் ஒட்டி உருவம் உண்டாக்குகிறார்கள். படத்தைச் சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால், துண்டுகளின் விளிம்புகள் மெல்லிய நிழல் விழுந்து தனித்தனியாகத் தெரியும். ஓர் உள்ளங்கை அளவுப் படத்தில்கூட நாற்பது, ஐம்பது துண்டுகளை எண்ணியிருக்கிறேன்.

லேபிளில் 'வாழை இலை' என்று போட்டிருக்கிறதே, நீங்கள் ஏன் மட்டை என்கிறீர்கள்?

விற்பனைக்காக எழுதும் லேபிள்களில் இலை என்றும் நார் என்றும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பெரும்பாலான படங்களில் இருப்பது மட்டைதான். வாழையின் தண்டு என்று வெளியே தெரிவது உண்மையில் ஒன்றை ஒன்று சுற்றிய இலையடி மட்டைகளின் கட்டு. வெளியே இருக்கும் மட்டைகள் மரத்திலேயே காய்ந்து, சுருண்டு, தொங்கும். அவற்றைத்தான் உரித்து எடுக்கிறார்கள். இலைச் சருகும் சில இடங்களில் சேரும். கூரையின் கீற்றைக் காட்டவோ புல்லைக் காட்டவோ அதைக் கிழித்து ஒட்டுவார்கள்.

அந்த ஊர் மக்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. உகாண்டாவின் லுகாண்டா மொழியில் காய்ந்த மட்டைக்கு 'எப்யாயி' என்றும் காய்ந்த இலைக்கு 'எஸ்ஸஞ்சா' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ருவாண்டாவில் மட்டையை 'இபிரேரே' என்கிறார்கள். நம்மிடமும் மட்டை, சருகு, நார் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. மூக்குப்பொடியை மடித்துக் கொடுத்த பொடிமட்டையைப் பார்த்திருப்பவர்களுக்கு, இந்தப் படங்களின் பொருள் கையில் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நார் என்றதும் நமக்குப் பூத்தொடுக்கும் இழைதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் படங்களில் இழை அரிதாகவே வருகிறது என்பதால் நான் மட்டை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

சாயம் போடாமல் இத்தனை நிறம் எப்படி வரும்?

ஒரே வாழையில் இத்தனை நிறமும் இருக்கிறது. வெயிலும் மழையும் பட்டு முற்றிய வெளிமட்டை காப்பிக்கொட்டை நிறத்திலும், அதற்கு உள்ளே இருப்பது செம்மண் நிறத்திலும், இன்னும் உள்ளே போகப் போக வைக்கோல் மஞ்சளாகவும் பாலேட்டு நிறமாகவும் இருக்கும். வாழைச்சாறு காற்றுப் பட்டால் கறுக்கும் என்பது, சட்டையில் வாழைக்கறை பட்ட எவருக்கும் தெரியும். அந்தச் சாறு ஊறிய இடங்களில் மட்டை ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். ஈரத்தில் கிடந்த மட்டையில் பூஞ்சணம் விட்டுச்சென்ற புள்ளிகள் இருக்கும். நல்ல கைவினைஞர் அவற்றைக் குறை என்று ஒதுக்குவதில்லை.

என்னிடம் உள்ள ஒரு படத்தில், தலையில் விறகுக்கட்டோடு நடக்கும் பெண்ணின் இடுப்புத் துணி முழுவதும் பொடிப்பொடிப் புள்ளிகள். அச்சுப் போட்ட கிட்டெங்கே துணியைப் போலவே இருக்கிறது. அது பூஞ்சணம் விட்ட தடம். அந்த ஒரு துண்டுக்காக ஒரு மூட்டை மட்டையைக் கிளறித் தேடியதாகச் செய்தவர் சொன்னார். சாயம் தோய்த்த மட்டையைப் பயன்படுத்துவோரும் உண்டு. குறிப்பாகச் சிவப்பும் பச்சையும் தெரிந்தால் அது சாயம்தான். அதில் ஏமாற்று ஏதுமில்லை என்றாலும், எனக்கு இயற்கை நிறப் படங்களே பிடித்தமானவை.

இதைச் செய்வது ஏன் அகதிகளாக இருக்கிறார்கள்? எந்த நாட்டுக்காரர்கள்?

அகதிகள் மட்டுமே செய்யும் வேலை அன்று இது. உகாண்டா, ருவாண்டா, கென்யா எனப் பல நாடுகளில் உள்ளூர்க் கைவினைஞர்களும் செய்கிறார்கள். ஆயினும் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதி, ருவாண்டா, புருண்டி ஆகியவை வாழை நெருக்கமாக விளையும் மேட்டு நிலங்கள். அங்கே 1959-இல் தொடங்கி, 1972-இல் புருண்டியிலும், 1994-இல் ருவாண்டாவிலும், 1996-க்குப் பிறகு காங்கோவிலும், 2015-இல் மீண்டும் புருண்டியிலும் நடந்த வன்முறைகளால் மக்கள் அலையலையாக வெளியேறினார்கள். மட்டையைக் கையாளத் தெரிந்தவர்கள் அதே கையோடு அண்டை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உகாண்டாவில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இருக்கிறார்கள். அங்குள்ள நகிவாலே குடியிருப்பு, ருவாண்டாவை விட்டு வந்தவர்களுக்காக 1950-களின் இறுதியில் உருவானது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய அகதிக் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. மலாவியில் தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், டோவா மாவட்டத்தில் ட்ஸலேக்கா முகாம் இருக்கிறது. ஒரு காலத்தில் மலாவியின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சி அரசியல் கைதிகளை அடைத்துவைத்த சிறை அது. 1994-இல் முகாமாக மாறியது. பத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ருவாண்டாவின் கிழக்கில் உள்ள மஹாமா முகாம், 2015-இல் புருண்டி மக்களுக்காகத் திறக்கப்பட்டது.

இது அவர்களுடைய பரம்பரைக் கலையா, இல்லை யாராவது வந்து கற்றுக்கொடுத்ததா?

பொருளைக் கையாளும் அறிவு பழையது, படம் என்ற வடிவம் புதியது. மட்டையால் கயிறு திரிப்பது, கட்டுக் கட்டுவது, கூடைக்கு உள்சுற்றாக வைப்பது, பிள்ளைகளுக்குப் பந்து உருட்டிக் கட்டுவது ஆகியவை தலைமுறைகளாக நடந்துவந்தவை. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டை ருவாண்டாவில் 'இங்காத்தா' என்பார்கள். அதையும் வாழைச் சருகிலும் மட்டையிலும் சுற்றிச் செய்வார்கள். மட்டை எப்போது வளையும், எப்போது முறியும், எந்தப் பக்கம் கிழியும் என்பதை இந்த வேலைகள் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படமும் வாழ்த்து அட்டையும், பயணிகளுக்கும் வெளிநாட்டு வாங்குவோருக்கும் விற்கலாம் என்ற நிலை வந்த பிறகு உருவானவை. பயிற்சி வகுப்பில் கற்றவர்களும், முகாமில் பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துக் கற்றவர்களும் உண்டு. புதியது என்பதற்காக இதைக் குறைத்து மதிப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய கைத்திறனை ஒரு புதிய தேவைக்குத் திருப்பி, அதில் தனக்கென்று ஒரு பார்வையையும் உண்டாக்கிக்கொள்வது கலையின் இயல்பான வளர்ச்சியே.

ருவாண்டாவின் இமிகோங்கோ என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இமிகோங்கோ என்பது பசுஞ்சாணத்தைச் சாம்பலோடு பிசைந்து, பலகையில் புடைப்பான கோடுகளாக இழுத்து, காய்ந்த பின் கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறங்கள் பூசும் கலை. மரபாக அது கோணங்களும் சுருள்களும் கொண்ட வடிவக் கலை. மஹாமா முகாம் இருக்கும் கிரேஹே மாவட்டம்தான் இமிகோங்கோவின் தாய்நிலம் என்பதால், இரண்டும் ஒரே கடையில் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

உகாண்டாவின் மரப்பட்டைத் துணியும் வேறு. அது முத்துபா என்ற அத்தி இன மரத்தின் பட்டையை அடித்து அகலப்படுத்திச் செய்வது. யுனெஸ்கோ 2005-இல் அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. வாழைமட்டைப் படங்களில் சிலவற்றுக்குப் பின்புலமாக அட்டைக்குப் பதில் இந்தத் துணியை ஒட்டுகிறார்கள். செங்கல் நிறப் பின்புலத்தில் பஞ்சு போன்ற சொரசொரப்பு தெரிந்தால் அது இதுதான்.

எப்படிச் செய்கிறார்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மரத்திலேயே காய்ந்த மட்டையை உரித்து, ஈரத்துணியால் துடைத்து மண்ணையும் பூச்சிக் கூடுகளையும் நீக்கி, நிழலில் காயவிடுகிறார்கள். பச்சை மட்டையை வெட்டி வெயிலில் போட்டால் சுருங்கி வரிவரியாகிவிடும். காய்ந்ததை நிறவாரியாகப் பிரித்துக் கட்டிவைக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, விரலால் நீவி விரித்து, கனமான பொருளின் அடியில் வைத்தோ, கரிபோட்ட இஸ்திரிப் பெட்டியால் ஒரு துணியின் மேல் தேய்த்தோ தட்டையாக்குகிறார்கள்.

அடுத்தது பிரிப்பது. மட்டையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் வெளித்தோல், நடுவில் காற்றறைகள் நிறைந்த வலைப்பின்னல், உள்தோல் என மூன்று அடுக்குகள் இருக்கும். வெளித்தோல் தடித்தது, வழவழப்பானது. அது உடலுக்கும் மரத்துக்கும் ஆகும். உள்தோல் வெங்காயச் சருகைப் போல மெல்லியது, பின்னால் இருப்பது தெரியும். அதைப் புகைக்கும் தண்ணீருக்கும் பனிமூட்டத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் வலையை அப்படியே ஒட்டினால் மீன்பிடி வலையும் வேலியும் ஆகிவிடும்.

ட்ஸலேக்காவில் நான் அருகிலிருந்து பார்த்தவர் காங்கோக்காரர். சவர பிளேடை நீளவாக்கில் பாதியாக ஒடித்து, ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். பென்சிலால் அட்டையில் மிக மெல்லிய கோடு மட்டும் போட்டார். முதலில் வானம், பிறகு தூரத்து மலை, பிறகு குடிசை, கடைசியில் மனிதர்கள் எனப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். ஒரு பெண்ணின் முதுகில் குழந்தையைக் கட்டியிருக்கும் துணியை ஒட்டும்போது, துண்டின் ஒரு விளிம்பில் மட்டும் பசை தொட்டு, மறு விளிம்பை நகத்தால் சற்றுத் தூக்கிவிட்டார். அந்த ஒரு நூல் அளவு இடைவெளியில் நிழல் விழுந்து, துணிக்குள் குழந்தையின் கனம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒட்டி முடித்த பின் ஒரு பலகையும் இரண்டு செங்கல்லும் மேலே ஏற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தார். தச்சுவேலைக்கு ஆகும் வெள்ளைப் பசையைத்தான் அவர் பயன்படுத்தினார். பசை வாங்கக் காசில்லாதபோது மரவள்ளி மாவைக் காய்ச்சிக்கொள்வதாகவும், அதில் பூச்சி விழும் என்பதால் மனதுக்குப் பிடிப்பதில்லை என்றும் சொன்னார்.

ஒரு படம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

நான் பார்த்த அளவில், ஒரே உருவம் கொண்ட வாழ்த்து அட்டை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சந்தைக் காட்சி, நடனம் போன்ற பெரிய படங்கள் மூன்று நான்கு நாட்கள் பிடிக்கின்றன. இது ஒட்டும் நேரம் மட்டுமே. முந்தைய பதிலில் சொன்ன சேகரிப்பு, துடைப்பு, உலர்த்தல், நிறம் பிரித்தல் ஆகியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விலை பேசும்போதும் அதைத்தான் மறந்துவிடுகிறோம்.

மனிதர்களுக்குக் கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லையே, ஏன்?

முதற்காரணம் பொருள்தான். மட்டைக்கு ஒரே திசையில் இழையோட்டம் உண்டு. அந்தத் திசைக்குக் குறுக்கே மிகச் சிறிய வளைவை வெட்டினால் அது பிளந்துவிடும். அரிசியளவு முகத்தில் கண்ணை ஒட்டுவது வீண்வேலை. அதனால் கழுத்தின் சாய்வு, முதுகின் வளைவு, கையை வீசும் கோணம் ஆகியவற்றால் ஆளைக் காட்டுகிறார்கள். குடத்தை ஒரு கையால் பிடித்தவளும், பிடிக்காமலே நடக்கிறவளும் வயதிலும் பழக்கத்திலும் வேறானவர்கள் என்பது அந்தக் கோணத்திலேயே புரிந்துவிடும். பேனாவால் கண் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டாத வேலையாகவே தெரிகிறது.

எதை எடுத்தாலும் குடம் சுமக்கும் பெண், முரசு, ஒட்டகச்சிவிங்கி. போரையும் ஓட்டத்தையும் ஏன் காட்டுவதில்லை?

இதைக் கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஒரு காரணம் வெளிப்படையானது: வாங்குபவர்கள் ஒட்டகச்சிவிங்கியைத்தான் கேட்கிறார்கள். செய்பவரின் ஊரில் ஒட்டகச்சிவிங்கியே கிடையாது என்றாலும், விற்பதைச் செய்துதானே ஆக வேண்டும்.

ஆனால் குடமும் முரசும் வெறும் விற்பனைச் சரக்கு அல்ல. புருண்டி மக்களுக்கு முரசு ஆட்சியின், விழாவின் அடையாளம். அரச முரசின் சடங்கு நடனத்தை யுனெஸ்கோ 2014-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதை ஒட்டும் புருண்டிக்காரர் தன் ஊரை ஒட்டுகிறார். என் சுவரில் உள்ள ஒரு படத்தில் ஏரிக்கரை, ஒரு படகு, வாழைத்தோப்பு, கதவு திறந்த ஒரு வீடு மட்டும் இருக்கின்றன. விட்டுவந்த வீடு என்று செய்தவர் சொன்ன பிறகுதான், வீட்டுக்கு முன்னால் யாருமே இல்லை என்பதைக் கவனித்தேன். தான் பட்ட துன்பத்தை அந்நியர் சுவரில் மாட்டுவதற்காக வெட்டி ஒட்ட வேண்டும் என்று எவரிடமும் நாம் எதிர்பார்க்கக் கூடாது. ஓடிவந்த கதையைப் படமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் முடிவு.

மட்டையை உரித்தால் வாழை பட்டுப்போகாதா? மரத்துக்குக் கேடு இல்லையா?

காய்ந்த வெளிமட்டையை நீக்குவதால் கேடு இல்லை. தோட்டக்காரர்களே பூச்சி தங்காமலிருக்க அதை உரித்துவிடுவார்கள். வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். குலையை வெட்டிய பின் தாய்மரத்தை வெட்டிப் பக்கக்கன்றை விடுவது நம் ஊரிலும் அங்கும் ஒன்றே. ஒரு சிறு கேள்வி மட்டும் உண்டு. உகாண்டாவின் தோட்டங்களில் சருகும் மட்டையும் மூடாக்காக மண்ணுக்கே திரும்புகின்றன. முழுவதையும் வாரி எடுத்துவிட்டால் மண் இளைக்கும். ஆனால் படங்களுக்கு ஆகும் மட்டை மிகக் கொஞ்சம்.

பெரிய அச்சம் நோய்தான். உகாண்டாவில் 2001-இல் கண்டறியப்பட்ட வாழை பாக்டீரியா வாடல் நோய், வெட்டும் கத்தி வழியாகவும் பரவக்கூடியது. ஆகவே தோட்டம் தோட்டமாகப் போய் மட்டை உரிக்கிறவர்களைச் சிலர் உள்ளே விடுவதில்லை. அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது.

வாழையே வளராத வறண்ட முகாம்களில் என்ன செய்வார்கள்?

நகிவாலே இருக்கும் இசிங்கிரோ மாவட்டம் உகாண்டாவின் முக்கிய வாழை விளைநிலம். அங்கே மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை. கென்யாவின் துர்க்கானா வறள்நிலத்தில் உள்ள ககுமா போன்ற முகாமில் வாழையை நினைத்துப் பார்க்க முடியாது. மட்டை வேண்டுமென்றால் தொலைவிலிருந்து தருவிக்க வேண்டும், அந்தச் செலவுக்குப் படம் கட்டுப்படியாகாது. இந்த வேலை முகாமுக்கு முகாம் இருந்தும் இல்லாமலும் போவதற்குத் திறமை காரணமன்று, மண்ணும் மழையுமே காரணம்.

அகதிகள் முகாமை விட்டு வெளியே வந்து விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவு கூலிவேலை உரிமையையும், 18-ஆவது பிரிவு சொந்தத் தொழில் உரிமையையும், 26-ஆவது பிரிவு நடமாடும் உரிமையையும் பேசுகின்றன. உகாண்டா தன் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை செய்யவும் நடமாடவும் அகதிகளுக்கு இடம் தந்தது. அங்கே ஒரு கைவினைஞர் படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு பேருந்தில் தலைநகர் கம்பாலாவுக்குப் போக முடியும்.

மலாவி அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோதே 17, 26 உள்ளிட்ட பல பிரிவுகளுக்கு விலக்குக் கேட்டுக்கொண்டது. அகதிகள் முகாமில்தான் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள கொள்கை. பல ஆண்டுகள் அது தளர்வாக இருந்ததால் நகரங்களில் கடை வைத்துப் பிழைத்தவர்கள் ஏராளம். 2023-இல் அனைவரும் ட்ஸலேக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்று அரசு உத்தரவிட்டு, காவல்துறையைக் கொண்டு நிறைவேற்றியது. நகரச் சந்தையில் நேராக விற்றுக்கொண்டிருந்தவர் இடைத்தரகரை நம்ப வேண்டியவராகிறார். மட்டையும் திறமையும் மாறவில்லை, அவர் கைக்கு வரும் காசு மட்டும் குறைகிறது. அகதிகளின் கைவேலையைப் பற்றிப் பேசுபவர்கள் பயிற்சி, வடிவமைப்பு என்று நிறையப் பேசுகிறோம். பேருந்தில் ஏறும் உரிமையைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் வெளியார் எங்கே வாங்குகிறார்கள்?

சில வழிகள் இருக்கின்றன. ட்ஸலேக்கா முகாமுக்குள்ளேயே 2014 முதல் துமாயினி என்ற கலைவிழா நடக்கிறது. மெனெஸ் லா ப்ளூம் என்ற பெயரில் எழுதும் காங்கோக் கவிஞர், தாமே அகதியாக அங்கு வாழ்ந்தபோது தொடங்கியது அது. வெளியாட்கள் முகாமுக்குள் வந்து, பலர் அகதிக் குடும்பங்களின் வீட்டிலேயே தங்கி, கைவேலைகளை நேராக வாங்குகிறார்கள். இன்னொரு வழி, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 'மேட் 51' திட்டம். பெயரில் உள்ள 51, மேலே சொன்ன ஒப்பந்தத்தின் ஆண்டு. உள்ளூர்ச் சமூக நிறுவனங்கள் வழியாக அகதிகளின் கைவேலையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு அது. கூடை, பின்னல், மணிவேலை ஆகியவையே அதில் மிகுதி.

சந்தையில் மலிவாகக் கேட்கலாம் என்கிறார்கள், கடையில் பல மடங்கு விலை. எது நியாயம்?

கடை விலையில் சட்டம், கண்ணாடி, சரக்குக் கட்டணம், வாடகை எல்லாம் சேர்கின்றன. அதனால் கூடுதல் விலை என்பதாலேயே கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். செய்தவருக்கு இதில் எவ்வளவு போகிறது? படத்தை வாங்கும்போதே பணம் தந்தீர்களா, விற்ற பிறகு தருவீர்களா? விற்ற பிறகுதான் என்றால், ஆறு மாதம் காத்திருக்கும் நட்டத்தை, தாங்கும் வலு மிகக் குறைந்தவர் தலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

நேரில் வாங்குபவர்கள் பேரம் பேசுவதில் தவறில்லை, அங்கே அதுவும் ஒரு பேச்சுவழக்கு. ஆனால் அட்டையும் பசையும் பிளேடும் ரொக்கம் கொடுத்து வாங்கியவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிதாபத்துக்காக வாங்குவதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். எட்டுப் படங்களில் ஒன்றை நான் அப்படித்தான் வாங்கினேன். அது இன்றும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பிடித்த படத்தை, அதன் வேலைக்கு உரிய விலை கொடுத்து வாங்குங்கள்.

அச்சடித்த போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பதிலில் சொன்ன சாய்த்துப் பார்க்கும் சோதனையே போதும். அச்சில் விளிம்பு நிழல் இராது. ஒரே மாதிரியான இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. ஒரே கை ஒரே உருவத்தைப் பத்து முறை செய்தாலும், மட்டையின் வரியோட்டம் பத்திலும் வேறாக இருக்கும். ஓர் அசலைப் படம்பிடித்து அச்சிட்டு வாழ்த்து அட்டையாக விற்பதும் நடக்கிறது. அச்சு என்று சொல்லி விற்றால் தவறில்லை.

நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் வராதா? எப்படிப் பாதுகாப்பது?

வரும். கண்ணாடி போட்டு, கண்ணாடி மட்டையைத் தொடாதபடி ஓரங்களில் அட்டைப் பட்டை வைத்துச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்புறம் இரண்டு மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். நேர்வெயில் பட்டால் இருண்ட மட்டை வெளுத்து, வெளிர் மட்டை பழுப்பேறி, இரண்டும் ஒரே நிறமாகிவிடும். பூஞ்சணம் படிந்துவிட்டால் ஈரத்துணி படக்கூடாது. காய்ந்த மென்தூரிகையால், முகத்தில் துணி கட்டிக்கொண்டு தட்டிவிடுங்கள். வார்னிஷ் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், வேண்டாம். மட்டையின் இயல்பான மினுக்கம் போய், எல்லா அடுக்கும் ஒரே பளபளப்பாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடிப்பார்களா?

தாவரப் பொருள் என்பதால் கேட்கலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் மிகக் கண்டிப்பானவை. அங்கே படிவத்தில் கட்டாயம் குறிப்பிட்டு, படத்தை எடுத்துக் காட்டுங்கள். காய்ந்து, சுத்தமாகி, மண்ணோ விதையோ பூச்சியோ இல்லாத படங்களுக்குப் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. பெட்டியில் தட்டையாக, இரு பக்கமும் கெட்டி அட்டை வைத்து எடுத்துவர வேண்டும்.

நம்மிடம் இல்லாத வாழையா? நாமே செய்து விற்கலாமே?

செய்யலாம். மட்டையை வெட்டி ஒட்டுவது எவருக்கும் தனிச்சொத்து அன்று. பள்ளிப் பிள்ளைகளோடு நானே செய்து பார்த்தேன், நம் நாட்டு வாழைகளின் மட்டையும் நன்றாகவே ஒத்துழைக்கிறது. அகதிகளின் வரைவடிவத்தை அப்படியே நகலெடுத்து, 'ஆப்பிரிக்க அகதிகள் கைவேலை' என்ற பெயரில் விற்பதுதான் கூடாதது. அந்தப் பெயரில் உள்ள மதிப்பு அவர்கள் உழைத்துச் சேர்த்தது. நம் ஊர்க் களத்துமேட்டையும் திருவிழாவையும் ஒட்டிப் பாருங்கள், அப்போதுதான் மட்டையில் எது முடியும், எது முடியாது என்பது நமக்கே பிடிபடும்.

ஒரு துண்டு பெயர்ந்து விழுந்துவிட்டது. என்ன செய்வது?

துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காது. வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, குச்சி முனையால் துண்டின் பின்புறத்தில் புள்ளியாக வைத்து, இடுக்கியால் பழைய தடத்தின் மேல் பொருத்துங்கள். மேலே எண்ணெய்த்தாள் வைத்து, ஒரு புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். உடனடியாக ஒட்டும் பசை வேண்டாம், அது மட்டையில் ஊறிக் கறையாகும். ஒரு விளிம்பு தூக்கி நிற்பதை மட்டும் கண்டால் அழுத்தி ஒட்டிவிடாதீர்கள். அது குழந்தையைக் கட்டிய துணிபோல வேண்டுமென்றே தூக்கிவிட்டதாக இருக்கலாம்.

செய்தவரின் பெயரையும் புகைப்படத்தையும் போட்டுப் பகிர்ந்தால் அவருக்கு உதவிதானே?

அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். தப்பிவந்தவர்களில் சிலரை, அவர்கள் விட்டுவந்த நாட்டில் இன்னும் தேடுகிறார்கள். சிலரின் உறவினர்கள் அங்கேயே இருக்கிறார்கள். முகம், பெயர், முகாமின் பெயர் மூன்றும் ஒரே பதிவில் சேர்ந்தால் அது யார் கண்ணிலும் படலாம். அதே நேரத்தில், தன் பெயர் படத்தோடு போக வேண்டும் என்று விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை 'ஓர் அகதி' என்று மட்டும் எழுதுவதும் அநீதியே.

நான் வாங்கும்போதே கேட்டுவிடுகிறேன். எட்டுப் படங்களில் ஐந்தின் பின்புறத்தில் முழுப் பெயர் இருக்கிறது, இரண்டில் முதலெழுத்துகள் மட்டும். ஏரிக்கரை வீட்டைச் செய்தவர் பெயர் எழுத மறுத்துவிட்டார். பேனாவை வாங்கி, தம் ஊரின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.